பனைமரம் இரண்டாக வருகிறதா? இரவு வானப் பனோரமா ஒட்டாதபோது பார்க்க வேண்டியவை

அமாவாசையை ஒட்டிய நாட்களில் காரைக்குடியைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளிலும் ஐயனார் கோயில் திடல்களிலும் பால்வழியைப் பல ஃபிரேம்களாக எடுத்து, மென்பொருளில் பக்கம் பக்கமாக ஒட்டிப் பனோரமாவாக்கி வருகிறேன். ஆரம்பத்தில் எடுத்தவற்றில் பாதிக்கு மேல் ஒட்டவே இல்லை. அப்புறம் நண்பர்களும் தங்கள் ஃபைல்களைப் பென் டிரைவில் கொண்டுவரத் தொடங்கினார்கள். கேமரா வேறு, லென்ஸ் வேறு, கோளாறு மட்டும் அதே ஏழெட்டுதான். எல்லோரும் முதலில் மென்பொருளைத்தான் திட்டுகிறார்கள். நானும் திட்டியிருக்கிறேன். பத்துக்கு எட்டு முறை தப்பு முக்காலியில் இருந்தது.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் என் அமைப்புக்கு உரியவை: ஃபுல் ஃபிரேம் சென்சார், 24 மெகாபிக்சல், 24 மி.மீ. லென்ஸ், கேமரா நெட்டுவாக்கில், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 20 வினாடி, 25 டிகிரிக்கு ஒரு ஃபிரேமாக ஒன்பது ஃபிரேம். உங்களுடையது வேறாக இருந்தால் எண்கள் மாறும், சோதிக்கும் வரிசை மாறாது. உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அதை மட்டும் படித்தால் போதும்.

## பனைமரம், தூண், மண் குதிரை இரண்டாகத் தெரிகிறது அல்லது நடுவில் வெட்டுப்படுகிறது

செட்டிநாட்டில் அடிக்கடி வரும் கோளாறு இது. பாலைவனத்திலும் மலை உச்சியிலும் இருந்து பாடம் நடத்துபவர்களுக்கு முன்னால் இருப்பதெல்லாம் தூரத்து மலை. நமக்கு அப்படி இல்லை. புரவி எடுப்பில் வைத்த மண் குதிரையோ, ஒற்றைப் பனையோ, பாழடைந்த வீட்டின் முகப்புத் தூணோ மூன்று மீட்டரில் நிற்கும். அதை விட்டுவிட்டு எடுத்தால் படத்தில் ஊரே இருக்காது.

முதலில் எது உடைந்திருக்கிறது என்று பாருங்கள்.

### அருகில் இருப்பது மட்டும் உடைந்து, தூரத்து மரவரிசை சரியாக இருந்தால்

கேமரா தன் அச்சில் சுழலாமல் நகர்ந்து நகர்ந்து சுழன்றிருக்கிறது. லென்ஸுக்குள் ஒளி நுழையும் புள்ளி, முக்காலித் தலையின் சுழல் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கேமராவை நேரடியாகத் தலையில் மாட்டினால் அந்தப் புள்ளி அச்சுக்கு முன்னால் தள்ளி நிற்கும். அது 10 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 25 டிகிரி திருப்பும்போது லென்ஸ் 4 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாக நகர்கிறது. 3 மீட்டரில் இருக்கும் குதிரை அடுத்த ஃபிரேமில் பின்னணியிலிருந்து ஏறக்குறைய 57 பிக்சல் விலகிவிடும். 30 மீட்டரில் இருந்தால் 6 பிக்சல்தான், 100 மீட்டரில் கண்ணுக்கே தெரியாது.

காசில்லாத வைத்தியம், பின்னால் போவது. முப்பது மீட்டர் தள்ளி நின்றாலே பெரும்பாலும் ஒட்டிவிடும். குதிரை சிறியதாகிவிடும் என்று மனசு கேட்காவிட்டால், அது முழுவதும் ஒரே ஃபிரேமுக்குள் அடங்கும்படி சுழற்சியைத் தொடங்குங்கள். ஒட்டு அதன் மேல் விழாது.

அடுத்த காரணம், பந்துத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துக் கேமராவை நெட்டுவாக்கில் வைப்பது. அப்படிச் செய்தால் லென்ஸ் முன்னால் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அச்சைவிட்டுத் தொங்கும். எல் வடிவ பிராக்கெட் இதற்குத்தான். என் முதல் பிராக்கெட்டை அலுமினியப் பட்டையில் உள்ளூர்ப் பட்டறையில் அடித்து வாங்கினேன். பார்க்க நன்றாக இருக்காது, வேலை செய்யும்.

கடைசியாகத்தான் நோடல் ரெயில், அதாவது கேமராவைச் சுழல் அச்சின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தும் பட்டை, வாங்குவது. வாங்கினால் பகலில் வீட்டிலேயே அளவு குறித்துவிடுங்கள். ஒரு மீட்டர் தள்ளி ஒரு குச்சியை நட்டு, அதே நேர்கோட்டில் தூரத்தில் ஒரு செல்போன் டவரை வைத்துப் பாருங்கள். கேமராவை வலப்பக்கம் திருப்பும்போது குச்சி டவருக்கு இடப்பக்கம் விலகினால் லென்ஸ் அச்சுக்கு முன்னால் இருக்கிறது என்று பொருள். ரெயிலில் கேமராவைப் பின்னால் இழுங்கள். வலப்பக்கம் விலகினால் முன்னால் தள்ளுங்கள். எவ்வளவு திருப்பினாலும் இரண்டும் ஒட்டியே நிற்கும் இடம் வந்ததும் நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். இருட்டில் அந்தக் கோடுதான் உதவும். ஜூம் லென்ஸாக இருந்தால் 24க்கு ஒரு கோடு, 35க்கு ஒரு கோடு.

### தூரத்து அடிவானமும் சேர்ந்து உடைந்தால்

அச்சு சரி. வானமும் தரையும் சண்டை போடுகின்றன. ஒன்பது ஃபிரேம் எடுத்து முடிக்க 200 வினாடி ஆகிறது. அதற்குள் வானம் 0.8 டிகிரி நகர்ந்துவிடும், நிலாவின் அகலத்தைவிட அதிகம். மென்பொருள் நட்சத்திரத்தைப் பிடித்தால் தரை உடையும், தரையைப் பிடித்தால் நட்சத்திரம் உடையும்.

முதலில் கேமராவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் ஒவ்வொரு 20 வினாடிக்கும் பிறகு இன்னொரு 20 வினாடி கேமரா சும்மா கிடக்கும், வானம் இரட்டிப்பாக நகரும். அணைத்துவிடுங்கள். அதற்குப் பதில் கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓவில் அதே நேரத்துக்கு நாலைந்து இருட்டு ஃபிரேம் எடுத்துக்கொண்டால் போதும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் வானத்தைத் தனியாகவும் தரையைத் தனியாகவும் ஒட்டிப் பிறகு சேருங்கள். ஹுகின் என்ற பனோரமா மென்பொருளில் தரையை மாஸ்க் போட்டு மறைத்து நட்சத்திரங்களுக்கு மட்டும் கன்ட்ரோல் பாயின்ட் (இரண்டு ஃபிரேமையும் பொருத்தும் புள்ளி) வைப்பது, பிறகு அதைத் தலைகீழாகச் செய்வது. ஒரு மணி நேர வேலைதான்.

இரண்டு வரிசையாக எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ் வரிசையை முழுவதும் முடித்துவிட்டு மேல் வரிசைக்குப் போனால், மேலும் கீழும் உள்ள ஃபிரேம்களுக்கு இடையே மூன்று நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழுகிறது. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று எடுத்துவிட்டுப் பக்கத்துக்கு நகருங்கள். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எரிச்சல்தான். ஆனால் ஒட்டும்.

### பனை ஓலை மட்டும் பேய்போலத் தெரிந்தால்

காற்று. ஆடிக் காற்றில் பனை நிற்காது. ஓலை அசையும் இடத்தில் ஒரே ஒரு ஃபிரேமை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்து ஃபிரேமில் மாஸ்க் போட்டு மறையுங்கள்.

## மென்பொருள் "பொருந்தவில்லை" என்று சொல்லி நின்றுவிடுகிறது

பழைய மேனுவல் லென்ஸா? அப்படியென்றால் ஃபைலில் குவியத் தூரம் பதிவாகியிருக்காது. ஹுகின் கேட்கும்போது அவசரத்தில் எதையாவது தட்டிவிடுவோம். 24 என்று சரியாகப் போட்டு, கிராப் ஃபேக்டரில் ஃபுல் ஃபிரேமுக்கு 1, ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் என்றால் 1.5 அல்லது 1.6 போட்டுப் பாருங்கள். என்னிடம் வந்த "ஒட்டவே ஒட்டாத" தொகுப்புகளில் மூன்று இந்த ஒரே எண்ணில் சரியாகின.

அது இல்லையென்றால் ஃபிரேம்கள் ஒன்றோடொன்று எவ்வளவு மேற்படிகின்றன என்று பாருங்கள். பகல் பனோரமாவுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். இரவில் லென்ஸின் ஓரத்தில் நட்சத்திரம் சிறகு முளைத்துக் கிடக்கும், அதைப் பொருத்த முடியாது. பாதிக்குப் பாதி வையுங்கள். நெட்டுவாக்கில் 24 மி.மீ. லென்ஸ் 53 டிகிரி அகலம் பார்க்கும், ஆகவே 25 டிகிரி. தலையில் டிகிரி குறி இல்லையென்றால் சுழலும் பகுதியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டிப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

மேற்படிவும் சரி என்றால், படம் மிக இருட்டாக இருப்பதால் மென்பொருளுக்கு நட்சத்திரமே தெரியவில்லை. எல்லா ஃபிரேமையும் ஒரே அளவு வெளிச்சமாக்கி, இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். கடைசி வழி கையால் புள்ளி வைப்பது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஐந்து பிரகாசமான நட்சத்திரங்கள், படம் முழுவதும் பரவலாக. ஐந்தையும் ஒரே மூலையில் வைத்தால் ஃபிரேம் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு சுழலும்.

இதற்கும் ஒட்டாத தொகுப்பை விட்டுவிடுங்கள். இரண்டு இரவு உட்கார்ந்து ஒட்டுவதைவிட அடுத்த அமாவாசைக்குப் போய் எடுப்பது மேல்.

## அடிவானம் வில்லாக வளைகிறது அல்லது அலை அலையாக வருகிறது

ஒரே வளைவு என்றால் மென்பொருளின் முன்தோற்றத்தில் நடுக்கோட்டைப் பிடித்து இழுத்தாலே நேராகிவிடும். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்ததால் வருவது அது, கோளாறு இல்லை.

அலையாக வந்தால், சுழலும் தளம் சாய்ந்திருந்தது. கேமரா திரையில் தெரியும் மட்டத்தை நம்பாதீர்கள். அது கேமராவின் மட்டம். சுழலும் பகுதிக்குக் கீழே உள்ள குமிழைப் பாருங்கள். செம்புராங்கல் தரையில் இந்தச் சிக்கல் குறைவு. கண்மாய் உள்வாயில் நின்றால், மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் கீழே ஈரமண் இருக்கும். ஐந்தாவது ஃபிரேமில் ஒரு கால் மெல்ல இறங்கும். மூன்று கால்களுக்கு அடியிலும் ஓட்டுச்சில்லோ தட்டையான கல்லோ வைத்து, முக்காலியை ஒரு முறை அழுத்தி விட்டு, பிறகு மட்டம் பாருங்கள்.

கால் பூட்டுகளை இறுக்கியும் வழுக்கினால் உள்ளே மணல் போயிருக்கிறது. கழற்றித் துடைக்கலாம். தலையின் பூட்டு வழுக்கினால் கைவைக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். மட்டப்படுத்தும் அடித்தளம் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், வசதிதான், அவசியம் இல்லை.

## நட்சத்திரங்கள் கோடாக இழுபடுகின்றன

ஒன்பது ஃபிரேமையும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

### எல்லாம் ஒரே ஒழுங்கில், நேர்கோடாக இருந்தால்

எக்ஸ்போஷர் நீளம். 500ஐக் குவியத் தூரத்தால் வகுக்கும் பழைய கணக்கு 24 மி.மீ. லென்ஸுக்கு 20 வினாடி சொல்லும். ஏபிஎஸ்-சி கேமராவில் 14. ஃபோனில் பார்க்க அது போதும், காகிதத்தில் அச்சிடப் போதாது. 20 வினாடியில் வான நடுக்கோட்டு நட்சத்திரம் ஒன்று 24 மெகாபிக்சல் படத்தில் 6 பிக்சல் ஓடுகிறது.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. காரைக்குடி 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில், தூசியிலும் கருவேல மரத்திலும் மறைந்து கிடக்கும். நட்சத்திரங்கள் வேகமாக ஓடும் நடுக்கோடு கிட்டத்தட்ட நம் உச்சந்தலை வழியாகப் போகிறது. ஐரோப்பாவிலிருந்து எழுதுபவர்களுக்குத் துருவம் பாதி வானத்துக்கு மேலே நிற்கும், அங்கே நட்சத்திரம் மெதுவாக நகரும். அவர்கள் கணக்கை அப்படியே எடுத்தால் நமக்கு இழுபடும். அச்சிடப் போகும் படமென்றால் நான் 20 வினாடியை 10 அல்லது 12 வினாடிக்குக் குறைத்து ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றிவிடுகிறேன். உங்கள் பனோரமாவில் தெற்கே திரிசங்கு உள்ள ஃபிரேம் புள்ளியாகவும் கிழக்கு ஃபிரேம் கோடாகவும் இருந்தால் காரணம் இதுவேதான்.

### நெளிந்து, கொக்கிபோல இருந்தால்

முக்காலி ஆடியிருக்கிறது. கேமராவின் பட்டையைக் கழற்றுங்கள், காற்றில் அது பாய்மரம். 2 வினாடி டைமர் போடுங்கள். ஆட்டம் நீக்கும் வசதியை அணையுங்கள். நடுத்தண்டை ஏற்றாதீர்கள். முக்காலிக் கொக்கியில் பையைத் தொங்கவிடும்போது அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், ஊசலாடினால் இருக்கிற ஆட்டமும் கூடும்.

## நட்சத்திரங்கள் பஞ்சுபோல ஊதியிருக்கின்றன

எந்த ஃபிரேமில் தொடங்குகிறது என்பதுதான் கேள்வி.

எல்லா ஃபிரேமிலும் ஒரே மாதிரி என்றால் ஃபோகஸ். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பக்கூடாது. திரையில் கேட்டையோ சுவாதியோ வரும்படி வைத்துப் பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறியதாகும் வரை திருப்பி, டேப் ஒட்டிவிடுங்கள். பகலில் ஒட்டிய டேப் நள்ளிரவுக்குச் செல்லாது. வெயிலில் கிடந்த லென்ஸ் ஆறும்போது இடம் மாறும்.

முதல் ஃபிரேம் கூர்மையாகவும் போகப்போக ஊதியும் இருந்தால் பனி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்திருக்கும் தை, மாசியில் இது உறுதியாக வரும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து லென்ஸைப் பாருங்கள். துண்டால் துடைக்காதீர்கள், இரண்டு நிமிடத்தில் மறுபடி படியும், கூடவே செம்மண் கீறலும் சேரும். பவர் பேங்கில் ஓடும் சூட்டுப்பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டுவதே சரியான வழி. அதை எடுக்கும் முன்பே போட்டுவிட வேண்டும், படிந்த பிறகு போட்டால் காய அரை மணி நேரம் போய்விடும். ஏசி அறையிலிருந்து கிளம்புகிறவர்கள் கேமராவை மூடிய பைக்குள்ளேயே வைத்துக் கொண்டுபோய் அரை மணி கழித்துத் திறவுங்கள்.

ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே பக்கம் மட்டும் ஊதியிருந்தால் லென்ஸின் உள் கண்ணாடி விலகியிருக்கலாம். கேமராவைத் தலைகீழாக மாட்டி அதே வானத்தை எடுங்கள். ஊதல் கேமராவோடு சேர்ந்து மறுபக்கம் போனால் லென்ஸ்தான். அதை நீங்கள் சரிசெய்ய முடியாது. சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும்போது அந்த இரண்டு படங்களையும் கூடவே அனுப்புங்கள். கீழே விழுந்த லென்ஸை ஒருமுறை நான் வெறும் "ஃபோகஸ் சரியில்லை" என்று எழுதி அனுப்பினேன். சுத்தம் செய்து பில்லோடு திரும்பி வந்தது, ஊதல் அப்படியே இருந்தது.

உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்தாலும் அதே இடம்தான். தள்ளிப்போடாதீர்கள், பூஞ்சை கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் லென்ஸை மாற்றுவதுதான் மிச்சம்.

## வானத்தில் பட்டை பட்டையாக இருள் அல்லது நிறம்

பட்டைகளை எண்ணுங்கள். ஃபிரேம் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் லென்ஸ் ஓர இருட்டு. ஒட்டுவதற்கு முன்பே எல்லா ஃபிரேமுக்கும் லென்ஸ் திருத்தத்தைப் போடுங்கள், ஒட்டிய பிறகு போட்டால் பயனில்லை. எஃப் 1.4இல் முழுக்கத் திறந்து எடுத்தால் இந்தத் திருத்தமும் போதாது, 2.8க்கு மூடுங்கள்.

ஒரு ஃபிரேம் நீலம், அடுத்தது காவி என்றால் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்திருக்கிறது. ரா ஃபைலாக இருந்தால் எல்லாவற்றுக்கும் 4000 கெல்வின் போட்டு முடித்துவிடலாம். ஜேபெக் மட்டும் என்றால் வருந்துவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு முனை மட்டும் வெளுத்திருந்தால் ஊர் வெளிச்சம். காரைக்குடி முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று தெற்கே போனால் தேவகோட்டை முன்னால் வந்து நிற்கும். கிழக்கே போனால் புதுவயல் அரிசி ஆலைகள். சோடியம் விளக்கின் மஞ்சளை வடிகட்டத் தயாரித்த ஃபில்டர்கள் வெள்ளை எல்இடி தெருவிளக்கிடம் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, அதில் காசைப் போடாதீர்கள். அந்தக் காசுக்குப் பெட்ரோல் போட்டு இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போகலாம். போகும் முன் பக்கத்து ஊர்களில் திருவிழா உண்டா என்று விசாரியுங்கள். பங்குனியில் ஒரு நாள் முழு இரவும் படத்தின் ஒரு மூலை ஊதாவாக வந்தது. சென்சார் போய்விட்டது என்றே பயந்தேன். விடிந்தபின் பார்த்தால் மூன்று மைல் தள்ளிக் கோயில் கோபுரத்துக்குச் சீரியல் செட் கட்டியிருந்தார்கள்.

இரண்டைக் கோளாறு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். மாசி, பங்குனியில் மாலை இருட்டிய பிறகு மேற்கே கூம்புபோல நிற்கும் வெள்ளை ஒளி, சூரியனைச் சுற்றியுள்ள தூசியில் பட்டுச் சிதறும் வெளிச்சம். நம் அட்சரேகையில் அது செங்குத்தாக நிற்பதால் நன்றாகவே தெரியும். அப்புறம் அடிவானத்துக்கு மேலே மெல்லிய பச்சைப் பட்டை, ஏறக்குறைய 100 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் மினுங்குவது. இரண்டும் படத்தில் இருக்கட்டும்.

## ஒரே புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது

மங்கலான கரும்புள்ளி என்றால் சென்சாரில் தூசி. ஊதுபந்தால் ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம். போகவில்லையென்றால் ஈரச் சுத்தம், அதை சர்வீஸில் கொடுப்பதே நல்லது. கூர்மையான சிவப்பு, பச்சைப் புள்ளி என்றால் சூட்டினால் வரும் பிக்சல். சித்திரை, வைகாசி இரவுகளில் அதிகமாக வரும். முன்பு சொன்ன இருட்டு ஃபிரேம்கள் இதற்கும் மருந்து.

## பால்வழி வளைவின் உச்சி வெட்டுப்படுகிறது

நேரம் தவறிவிட்டது. மே நடுவில் நள்ளிரவில் வளைவின் உச்சி தென்கிழக்கில் 40 டிகிரி உயரத்தில் நிற்கும். நெட்டுவாக்கில் ஒரே வரிசையில் அடங்கும். அதே இரவு 3 மணிக்கு அது தலைக்கு மேலே போய்விடும், இரண்டு வரிசை வைத்தாலும் மல்லுக்கட்ட வேண்டும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல் நடுவில் 2 மணி, மார்ச் நடுவில் 4 மணி. அமாவாசைதான் வேண்டும் என்றில்லை. வளர்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும், மார்ச், ஏப்ரலில் அதற்குப் பிறகு எடுக்கலாம். தேய்பிறை அஷ்டமி நிலா அந்நேரத்துக்குத்தான் எழும், அது ஆகாது. நாட்காட்டியைக் கிழிக்கும் முன் பாருங்கள்.

## நடுவில் ஒரு ஃபிரேம் வெளுத்துப் போயிருக்கிறது

பைக் விளக்கு, அல்லது காவல்காரர் டார்ச். எனக்கு ஐயனார் கோயில் திடலில் ஏழாவது ஃபிரேமில் இது நடந்தது. "தம்பி, இந்நேரத்துல இங்க என்ன பண்றீங்க?" என்று நேராக லென்ஸிலேயே அடித்தார். அவரிடம் திரையைக் காட்டியதும் டார்ச்சை அணைத்துவிட்டுத் திண்டில் உட்கார்ந்துகொண்டார். இப்போதெல்லாம் மாலையிலேயே கோயில் பூசாரியிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் முக்காலியை விரிக்கிறேன்.

வெளுத்ததைப் பார்த்த உடனே அதே இடத்தில் அதே ஃபிரேமை மறுபடி எடுத்துவிட்டு மேலே தொடருங்கள். கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் வானம் நகர்ந்திருக்கும், அந்த ஒரு துண்டு எங்கும் உட்காராது. தொகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் லென்ஸுக்கு முன்னால் கையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வது என் பழக்கம். வீட்டுக்கு வந்து நானூறு இருட்டுப் படங்களுக்கு நடுவே எது எந்தத் தொகுப்பு என்று தேடும்போது கைதான் வழி காட்டும்.